ஒன்றரை மணி விருதுநகர்

மூன்று இருபதுக்கு எப்சிபா கிரைண்டரைப் போட்டாள். சனிக்கிழமை மத்தியானம் மூன்று இருபதுக்கு மாவாட்ட வேண்டிய அவசரம் அந்த வீட்டில் யாருக்கும் இல்லை. ஃபிரிட்ஜில் நேற்றைய மாவே ஒரு தூக்குவாளி நிறைய இருந்தது. ஆனாலும் பன்னிரண்டு மணிக்கே உளுந்தை ஊறப் போட்டவள் அவள்தான். நாலு மணிக்குப் போன் வரும், கிரைண்டர் ஓடினால் மணி கேட்காது, கேட்காவிட்டால் எடுக்க வேண்டாம், 'கிரைண்டர் ஓடிச்சு, கேக்கல' என்று நாளைக் காலையில் ஒரு வரி எழுதிப் போட்டுவிடலாம். அறுபத்தாறு வயதில், பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று வயிற்றுவலி வரவழைத்துக்கொள்கிற பிள்ளை மாதிரி ஆகிவிட்டோமே என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. போன் விருதுநகரிலிருந்து வரப்போகிறது. பேசப்போகிறவள் சுலோசனா. எட்டு மாதமாக ஒரு நாள் விடாமல் இரண்டு பேரும் வாட்ஸப்பில் எழுதிக்கொள்கிறார்கள், எட்டு மாதத்தில் ஒரு தடவைகூடப் பேசிக்கொண்டதில்லை. முதல் தடவை கூப்பிடவா என்று அவள் கேட்டபோது எப்சிபாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. இரண்டாம் தடவை டவர் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை சபையில் கூட்டம். நேற்றுச் சாயங்காலம், 'நாளை நாலு மணிக்குக் கூப்பிடுவேன் அக்கா, எடுக்கலேன்னா பஸ் ஏறி வந்துருவேன்' என்று எழுதி, கீழே கோபமாக ஒரு மஞ்சள் முகத்தையும் வைத்துவிட்டாள் சுலோசனா. அதற்கு எப்சிபா ஒரு கட்டைவிரலைப் போட்டுவைத்தாள்.

ஒரு கை உளுந்தை அள்ளிப் போட்டு, இரண்டு துளி தண்ணீர் தெளித்து, ஓரத்தில் ஒதுங்கியதை உள்ளே தள்ளிவிட்டு, ஈரக் கையோடு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்து அறையில் கணவர் தனராஜ் தூங்குகிற சத்தம் கேட்டது. நாற்பத்திரண்டு வருஷமாக மத்தியானம் இரண்டு முதல் நாலு வரை தூங்குகிற மனுஷர், பூகம்பம் வந்தாலும் நாலு மணிக்குத்தான் எழுந்து என்னவென்று கேட்பார். போன் அரிசி டின்மேல் கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் ஒன்பது குரூப் இருக்கின்றன. சபைக்கு ஒன்று, பெண்கள் ஐக்கியத்துக்கு ஒன்று, பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவர்களுக்கு ஒன்று, தனராஜின் பெரிய குடும்பத்துக்கு ஒன்று, அந்தப் பெரிய குடும்பத்தில் சண்டை போட்டுப் பிரிந்தவர்களுக்குத் தனியாக ஒன்று, தெருவுக்கு ஒன்று, இப்படி. விடிந்தால் நாற்பது ரோஜாப்பூ வந்து விழுகிறது, ஒன்றுக்காவது வாசம் இருக்கணுமே. போன பிறந்தநாளுக்கு அறுபத்தொரு பேர் கேக் படம் அனுப்பினார்கள். அன்றைக்கு வாசல்மணி ஒரே ஒரு தடவைதான் அடித்தது, அதுவும் கேஸ்காரர். அறுபத்தொரு பேருக்கும் உட்கார்ந்து தனித்தனியாக நன்றி எழுதினாள், கழுத்து பிடித்துக்கொண்டது. யாரைக் குறை சொல்ல, அவளும்தான் அனுப்புகிறாள் கேக். பெங்களூரில் இருக்கிற மகன் ஜெபசிங், 'அம்மா, நீங்க எங்களவிட பிஸி' என்கிறான். பிஸிதான். ஆனால் ஒன்பது குரூப்பிலும் ஒருத்தராவது, என்ன எப்சி, குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்க வழியில்லை. குரலே போகாத இடத்தில் எப்படிக் கேட்பார்கள்? அதைக் கேட்டவள் ஒருத்திதான். அவள் கேட்டு நாற்பது வருஷம் ஆகப்போகிறது, கேட்ட விதம் இன்னும் காதுக்குள்ளேயே கிடக்கிறது, எடுத்து வெளியே போட முடியவில்லை.

வெளியூர்ப் போன்களை இணைத்துக் கொடுக்கிற திருநெல்வேலி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் எப்சிபா சேர்ந்தது எழுபத்தொன்பதில். சுவர் நீளத்துக்கு போர்டு, அதில் வரிசையாகத் துளைகள், துளைக்குத் துளை கயிறு மாட்டிக் கழற்றிப் பன்னிரண்டு பெண்கள், தலையில் ஹெட்செட். முதுகுக்குப் பின்னால் உயரமான நாற்காலியில் மானிட்டர் அம்மா. ஊர் ஊராகப் பேசுகிற வேலை, சொந்தப் பேச்சு மட்டும் ஒரு சொல் வரக்கூடாது, எந்த லைனில் எப்போது மானிட்டர் காதை வைப்பாள் என்று சொல்ல முடியாது. அதனால் அங்கே யாருக்கும் பேர் கிடையாது. இந்த முனையில் உட்கார்ந்திருக்கிறவள் திருநெல்வேலி, அந்த முனையில் இருக்கிறவள் சாத்தூர், மதுரை, விருதுநகர். 'மதுரை, எனக்கு ரெண்டு அர்ஜென்ட் இருக்கு.' 'சாத்தூர், உங்க பார்ட்டி எடுக்கல.' முகமும் தெரியாது, பேரும் தெரியாது. ஆனால் பனியன் கம்பெனிக்குப் போட்ட லைனுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போட்ட லைனுக்கும் நடுவில் கிடைக்கிற அரை நிமிஷத்தில், ஒரு குரல் எப்போது தலைக்குக் குளித்திருக்கிறது, எப்போது வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். விருதுநகரின் குரல் மெல்லிசு. அவசரமே படாத குரல். வாயில் எப்போதும் ஒரு கிராம்பை ஒதுக்கிவைத்திருப்பாள், அவள் பேசும்போது அது பல்லில் தட்டுகிற சத்தம் லேசாகக் கேட்கும். எப்சிபா ஒரு தடவை பேரைக் கேட்டாள். 'பேரு எதுக்கு புள்ள? ஊரு போதாதா?' என்றாள் அவள். அதற்குப் பிறகு அதுவே இரண்டு பேருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. பேரைச் சொன்னால் தோற்ற மாதிரி. பங்குனிப் பொங்கலுக்கு வா, மாரியம்மன் கோயில் வாசல்ல நிக்கிறேன், குரலை வச்சே கண்டுபிடி பாப்போம் என்பாள். வருஷா வருஷம் பங்குனியும் வந்தது, பொங்கலும் வந்தது, லீவு மட்டும் கிடைக்கவில்லை.

உளுந்து நுரைக்க ஆரம்பித்திருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தாள், இன்னும் நறநறப்பு போகவில்லை. எண்பத்தைந்து ஆடி மாதம். கல்யாணமாகி மூன்றாவது வருஷம், நாலு மாதம் தாங்கியிருந்தது கலைந்துபோனது. பதினைந்தாம் நாள் வேலைக்குப் போய்விட்டாள், வீட்டில் மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு போர்டைப் பார்க்கலாம் என்று. ஆபீசில் எல்லாருக்கும் தெரியும், ஆனால் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவாளோ என்று பயந்திருப்பார்கள், பாவம், நல்லவர்கள்தான். அவளைக் கண்டால் பேச்சை மாற்றிக்கொண்டார்கள், அதுதான் தாங்க முடியவில்லை. ஒன்றரை மணி சுமாருக்கு ஒரு லைனைக் கொடுக்க விருதுநகரைக் கூப்பிட்டு, 'விருதுநகர்' என்று சொன்னாள். ஒரே ஒரு சொல். அந்தப் பக்கம் கிராம்புச் சத்தம் நின்றது. 'என்ன புள்ள, கொரலு ஒரு மாதிரி இருக்கு?' எப்சிபா சொன்னாள். மூன்று சொல்லில் சொல்லிவிட்டாள், அதற்கு மேல் நீட்ட அதில் என்ன இருக்கிறது. விருதுநகர் ஐயோ என்று சொல்லவில்லை, கர்த்தர் சித்தம் என்று சொல்லவில்லை, அடுத்தது தங்கும் என்றும் சொல்லவில்லை. லைனைத் துண்டிக்காமல் வைத்திருந்தாள், அவ்வளவுதான். மூச்சு மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தது. மானிட்டர் அம்மா காது வைத்தாளோ என்னவோ, அன்றைக்கு அவளும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் விருதுநகர், 'சாப்பிட்டியா?' என்றாள். இல்லை. 'போய்ச் சாப்பிடு. போர்டு எங்கயும் போயிறாது.' மறுநாளும் சரியாக ஒன்றரைக்கு விருதுநகர் லைனில் விளக்கு எரிந்தது. 'லைன் டெஸ்ட்' என்றாள், மானிட்டர் காதுக்காக. பிறகு குரலைத் தணித்து, 'சாப்பிட்டியா?' அதற்கு மறுநாளும். ஜெபசிங் பிறந்து, அவன் பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் ஆறு வருஷம், எப்சிபாவின் டியூட்டி நாட்களில் ஒன்றரை மணிக்கு லைன் டெஸ்ட் உண்டு. பெற்ற தாய்கூட அவளை அத்தனை தடவை கேட்டிருக்கமாட்டாள்.

அப்புறம் எஸ்.டி.டி. வந்தது, ஊர் ஊராக மஞ்சள் போர்டு மாட்டிய பூத்துகள் வந்தன, ஜனங்கள் தாங்களே நம்பரைச் சுற்றிக்கொண்டார்கள். எப்சிபாவை வேறு செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். மாற்றின உத்தரவு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது, திங்கட்கிழமை அவள் சீட்டில் அவள் இல்லை. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அது ஒன்று இப்போது நினைத்தாலும் நெஞ்சில் முள் மாதிரி. ஒன்றரை மணிக்கு அந்தப் பக்கம் எத்தனை நாள் கூப்பிட்டுப் பார்த்தாளோ? தொண்ணூற்று மூன்றில் தனராஜுக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று விருதுநகருக்குப் போனாள். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், காய்கறிக் கடையை எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்பி டெலிபோன் ஆபீஸ் வாசல் வரைக்கும் போய்விட்டாள். வாட்ச்மேன், யாரைப் பாக்கணும்மா என்றார். விருதுநகர் இருக்காங்களா என்று விருதுநகரிலேயே போய் எப்படிக் கேட்பது? கிராம்பு போடுகிறவள் என்று சொல்லியிருக்கலாம். மெல்லிசுக் குரல் என்று சொல்லியிருக்கலாம். உள்ளே போய் நின்று 'திருநெல்வேலி வந்திருக்கேன்' என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் அவளே எழுந்து வந்திருப்பாள். கல்யாணப் பட்டுப்புடவையில் நின்றுகொண்டு இதெல்லாம் அப்போது தோன்றவில்லை, வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒண்ணுமில்லைங்க என்று சொல்லிவிட்டு, அரைக் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தாள். லட்சம் பேருக்கு லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு, தனக்கு வேண்டிய ஒரே ஒருத்திக்கு லைன் போடத் தெரியவில்லை.

அதனால்தான் போன வருஷம் மதுரையில் ரிட்டயரான சூபர்வைசர் ஒருவர் பழைய ஆபரேட்டர்களை எல்லாம் ஒரு குரூப்பில் சேர்த்து, அதில் 'சுலோசனா, விருதுநகர், டிரங்க், 1980' என்று ஒரு வரி வந்து நின்றபோது எப்சிபா கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். தனியாக அவளுக்கு எழுதினாள்: 'விருதுநகர்தானா? நான் திருநெல்வேலி.' ஐந்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: 'ஐயோ திருநெல்வேலியா!!! எத்தனை வருசமா உங்களைத் தேடுறேன்!!!' மூன்று மூன்றாக ஆச்சரியக்குறி. அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? அன்றைக்கு எப்சிபா சமையலறையில் நின்று, கதவைச் சாத்திக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி குதித்தாள். முட்டி வலி இரண்டு நாள் இருந்தது. பிறகு நாள் தவறாமல் எழுத்து. இன்றைக்கு என்ன குழம்பு, பேரன் விழுந்து பல் உடைந்தது, முழங்காலுக்கு என்ன தைலம், மருமகளைப் பற்றி அழித்து அழித்து எழுதியது. ஒரு நாள் ஆடி மாதத்துக் கதையை எழுதி, நீ அன்னைக்குச் செஞ்சதை நான் மறக்கல என்று போட்டாள். வெகுநேரம் கழித்துக் கும்பிடு மூன்று, அழுகிற முகம் மூன்று, 'அதெல்லாம் எதுக்குக்கா இப்ப' என்று ஒரு வரி. எப்சிபா அந்த வரியைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். அக்கா என்கிறாளே. ஆறு வருஷம் வாய் நிறையப் புள்ள என்று கூப்பிட்டவள், இப்போது நீங்க, வாங்க, அக்கா. எழுத்தில் வந்தால் மரியாதையும் கூடவே வந்துவிடும்போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். சுலோசனா போட்டோ அனுப்பினாள், கன்னமெல்லாம் சதை வைத்து, தடிக் கண்ணாடி போட்டு, பேரனை இடுப்பில் இறுக்கிப் பிடித்தபடி ஒரு வெள்ளந்தியான முகம். எப்சிபா அந்த முகத்துக்குள் மெல்லிசுக் குரலை வைத்துப் பார்த்தாள், உட்கார மாட்டேன் என்றது. வயதானால் குரல் தடிக்கும், உடம்பும்தான் தடிக்கிறது. பல்வலிக்குக் கிராம்பு வைத்தாயா என்று கேட்டால், 'ஐயையோ, கிராம்பு வாசமே எனக்கு ஆகாதுக்கா' என்று பதில் வருகிறது. அதற்கும் ஒரு சமாதானம் கிடைத்தது, ஒரேயடியாகத் தின்று தின்று வெறுத்திருக்கும். ஆனால் போன மாதம் வந்த கேள்விக்குத்தான் எந்தச் சமாதானமும் ஒட்டவில்லை: 'இப்பவும் பாடுறீங்களா? லைன்ல பாடுவீங்களே, நெனச்சா சிரிப்பா வருது.' எப்சிபா லைனில் பாடியதில்லை. சபையில்கூட உதட்டை மட்டும் அசைக்கிற ஜாதி அவள்.

கிரைண்டர் கடகடவென்று சுற்றியது. மாவு பொங்கிக் கல்லின் தலைவரைக்கும் வந்துவிட்டது, நிறுத்த வேண்டிய பதம் எப்போதோ தாண்டிப்போயிற்று. மூன்று ஐம்பது. பயம் என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும், தெரியாத மாதிரி நடித்தாலும். ஒரு 'ஹலோ' போதும், முழு ஹலோகூட வேண்டாம், அதற்கு முந்தின மூச்சே போதும், அவள்தானா இல்லையா என்று தெரிந்துவிடும். பதின்மூன்று வருஷம் காதால் பிழைத்தவள். அவள் இல்லை என்று தெரிந்துவிட்டால்? நாற்பது வருஷத்து விருதுநகரும் போய்விடுவாள், எட்டு மாதத்து விருதுநகரும் போய்விடுவாள், இரண்டு பேரும் ஒரே நாளில். விடிந்ததும் போனை எடுக்க ஒரு காரணம் இருக்காது, நாற்பது ரோஜா மட்டும் இருக்கும். தெரியாமலே இருந்தால் என்ன கெட்டுப்போகிறது? எழுதிக்கொண்டே இருக்கலாமே. உறவென்று சொல்லிக்கொண்டு பக்கத்தில் இருக்கிறவர்களோடு மட்டும் என்ன வாழ்கிறது? கோமுவைப் பார். கோமதி, எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு அடுத்த நாற்காலி, இப்போது இரண்டு தெரு தள்ளி வீடு. வெண்கலத் தொண்டை, சண்டைக்குப் பேர்போனவள், மானிட்டர் அம்மாவிடம் வாரத்துக்கு ஒரு மெமோ வாங்குவாள், ஆனால் எப்சிபாவின் பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தவளும் அவள்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். 'இதையே நேரில் வந்து அழைத்ததாகக் கருதவும்' என்று கீழே ஒரு வரி. துபாயில் இருக்கிறவனுக்கு அனுப்பலாம் அதை. இரண்டு தெரு. கூப்பிட்டால் கேட்கும், கோமு தொண்டைக்கு நிச்சயமாகக் கேட்கும். தட்டில் பூவும் பழமும் வைத்து நடந்து வர ஐந்து நிமிஷம். எப்சிபா கல்யாணத்துக்குப் போகவில்லை. கோமுவும் ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. மார்க்கெட்டில் பார்த்தால் இரண்டு பேரும் தக்காளியை உற்றுப் பார்ப்பார்கள். கோமுவிடம் பட்டன் போன்தான், அந்தப் பத்திரிகையை அனுப்பியது அவள் மகனாகத்தான் இருக்கும் என்று எப்சிபாவுக்குத் தெரியும். தெரிந்தும் மூன்று வருஷம் ஓட்டியாகிவிட்டது.

கிரைண்டர் நின்றது. தனராஜ் சுவிட்சில் கையை வைத்துக்கொண்டு நின்றார். "மாவு வெளிய வழியுது, நீ என்னத்தப் பாத்துக்கிட்டு இருக்கே?" என்றார். அந்த அமைதியில் அரிசி டின்மேல் போன் அடித்தது. டின் தகரமாகையால் வீடே அதிர்ந்தது. "எடேன்ட்டி. கையி ஈரம்னா நான் அமுக்குதேன்" என்று, கேட்காமலே பச்சையைத் தள்ளி அவள் காதில் வைத்துவிட்டார். நாற்பத்திரண்டு வருஷத்தில் இவ்வளவு சுறுசுறுப்பாக அவர் ஒரு வேலை செய்து அவள் பார்த்ததில்லை.

"ஹலோ?" என்றது ஒரு தடித்த, கலகலப்பான குரல்.

இல்லை. அவள் இல்லை. எப்சிபாவின் வாய் மட்டும் பழக்கத்தில், "சொல்லுங்க" என்றது.

அந்தப் பக்கமிருந்து மெதுவாக, "அக்கா... நீங்க திருநெல்வேலி இல்லயே."

"நீங்களும் விருதுநகர் இல்ல."

"நான் விருதுநகருதாங்க்கா. எம்பதுலருந்து. ஆனா..." என்று சுலோசனா தடுமாறினாள். "எங்க திருநெல்வேலி ஹலோன்னு சொன்னாலே நான் ஹெட்செட்டத் தள்ளிப் பிடிப்பேன். அம்புட்டு சத்தம். மணி அடிக்கிற நேரத்துல பாடுவாங்க. நீங்க பாட்டப் பத்தி வாயே தெறக்கலயா, அன்னைலருந்து எனக்கு ஒரு சந்தேகம். அதான் கூப்புட்டே தீரணும்னு நின்னேன். கோவிச்சுக்காதீக."

எப்சிபா ஸ்டூலில் உட்கார்ந்தாள். மாவுக் கை மடியில் கிடந்தது. பாடுகிற திருநெல்வேலி யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, தெரிந்ததைத் தள்ளி வைத்தாள். "எனக்கு ஒரு விருதுநகர் இருந்தா" என்றாள். "மெல்லிசாப் பேசுவா. வாயில எப்பவும் கிராம்பு."

"கிராம்பா?" சுலோசனாவின் குரல் மாறியது. "அது கனகமணியக்கால்ல. எனக்கு ரெண்டு சீட்டு தள்ளி. எனக்கு அந்த வாசமே கொமட்டும், அதுக்காகவே எம்மேல ஊதுவாக."

கனகமணி. எப்சிபா சத்தமில்லாமல் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். அந்தக் குரலுக்கு இதைவிட வேறு பேர் இருந்திருக்க முடியாது.

"எப்படி இருக்காவ?"

"இல்லக்கா" என்றாள் சுலோசனா. "பதினோரு வருசமாச்சு. நெஞ்சுவலி. ஞாயித்துக்கெழம காலைல, கோயிலுக்குக் கெளம்பிட்டு இருந்தாக." அவளுக்கு அழுகை வந்துவிட்டது போல. "நீங்க அந்த ஆடி மாசக் கதைய எழுதுனப்பவே எனக்கு மனசு கேக்கல. நான் ஒண்ணுமே செய்யலயேன்னு தெரியும். எங்க திருநெல்வேலிக்கு ஏதும் சொல்லி, எனக்குத்தான் மறந்துபோச்சோன்னு நெனச்சு, எழுத பயமா இருந்துச்சு. அக்கா, அந்த ஒன்ர மணிப் பிள்ளை நீங்கதானா?"

"எந்த ஒன்றரை மணி?"

"ஒன்ரயாச்சுன்னா கனகமணியக்கா யாரையும் அந்த லைனத் தொட விடமாட்டாக. சாப்பிடக் கூப்புட்டா வரமாட்டாக. 'இருங்கடி, எம் புள்ள சாப்பிட்டாளான்னு கேட்டுட்டு வாரேன்'பாக. நாங்க ஏதோ அவுக சொந்தக்காரப் புள்ளைன்னு நெனச்சோம். நீங்க சீட்ட விட்டுப் போன பெறகும் கொஞ்ச நாளைக்கு ஒன்ரைக்கு அந்த லைனப் போட்டுப் பாத்துட்டுத்தான் எந்திரிப்பாக."

எப்சிபா அழுதாள். தனராஜ் முன்னால், மாவுக் கையால் முகத்தை மூட முடியாமல், அப்படியே அழுதாள். அவர் என்ன ஏதென்று புரியாமல் தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். எத்தனை நாள் கூப்பிட்டுப் பார்த்தாளோ என்று முப்பது வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இன்றைக்குப் பதில் வந்துவிட்டது, வந்த பதில் இத்தனை வலிக்கும் என்று அவள் நினைக்கவில்லை. வலித்ததோடு கூடவே ஒரு சந்தோஷமும் வந்தது. அவள் தேடியிருக்கிறாள். என்னைத் தேடியிருக்கிறாள்.

"அக்கா" என்று சுலோசனா கூப்பிட்டாள். குரல் சின்னதாகிவிட்டிருந்தது. "எங்க திருநெல்வேலி யாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா? ஒங்க ஆபீசுதான. இருக்காகளா?"

தெரியாது என்று சொல்லிவிடலாம். சென்னைக்கு மகனோடு போய்விட்டாள் என்று சொல்லலாம். சொன்னால் சுலோசனா நாளைக் காலையிலும் என்ன குழம்பு என்று எழுதுவாள், நாளை மறுநாளும் எழுதுவாள், எப்சிபாவுக்கு மிச்சமிருக்கிற ஒரே விருதுநகர் அவள்தான். கோமுவோடு சேர்த்துவிட்டால் இவள் எதற்கு? பட்டன் போனானாலும் பேசத்தானே செய்வார்கள், பேசுகிறவர்கள் எழுதுகிறவளை நினைப்பார்களா? அப்புறம் உறைத்தது. எட்டு மாதமாக வந்த குழம்பும், பேரனும், முழங்காலும், மருமகளும் எல்லாமே கோமுவுக்கு வந்தது. கோமுவின் கடிதத்தைப் பிரித்து இவள் படித்துக்கொண்டிருந்திருக்கிறாள். அந்தப் பக்கம் சுலோசனா காத்திருந்தாள். மூச்சு மட்டும் வந்துபோய்க்கொண்டிருந்தது.

"இருக்கா" என்றாள் எப்சிபா. "லைன்ல இருங்க, வச்சிராதீய."

கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் படியிறங்கினாள். "எங்க போறே, இந்த வெயில்ல?" என்று தனராஜ் கேட்டதற்கு நிற்கவில்லை. போனைக் காதில் வைக்காமல், தண்ணீர்ச் செம்பைக் கொண்டுபோகிற மாதிரி முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். என்ன சொல்லிக் கதவைத் தட்டுவது, கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டால், மருமகள் வந்து அத்தை தூங்குறாங்க என்று சொல்லிவிட்டால் என்று ஒவ்வொன்றாக வந்தது. இரண்டு தெருவுக்கும் இதையே நினைத்துக்கொண்டு போனதில் வீடு சட்டென்று வந்துவிட்டது. கேட் திறந்துதான் கிடந்தது. கோமு கூடத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், மெலிந்திருந்தாள். மார்க்கெட்டில் தக்காளியையே பார்த்ததில் இது கண்ணில் படவில்லை.

கோமு நிமிர்ந்து பார்த்தாள். மாவு அப்பிய கையையும் சிவந்த கண்ணையும் பார்த்துக் கீரையைக் கீழே போட்டாள். "எப்சி! ஏட்டி, என்னாச்சு? அண்ணாச்சிக்கு ஒண்ணுமில்லையே?"

"உனக்குப் போன்ட்டி. விருதுநகர்."

"எனக்கா? விருதுநகர்ல எனக்கு யாரு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள், பாதியில் நின்றாள். கையை முந்தானையில் இரண்டு தடவை துடைத்துக்கொண்டு போனை வாங்கி, காதில் வைத்துக் கேட்டாள். பிறகு தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி, "ஏட்டி விருதுநகரு! செத்துட்டேன்னு நெனச்சியா?" என்றாள்.

எப்சிபா வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டாள். உள்ளே கோமு அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை, நடுநடுவே பாட்டு மாதிரியும் கேட்டது. வெயில் காலில் விழுந்தது. காய்ந்த மாவு கையில் இறுக ஆரம்பித்திருந்தது. மத்தியானம் அவள் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இல்லை கனகமணி, இன்னும் சாப்பிடவில்லை என்று மனசுக்குள் சொன்னாள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.